பதினெட்டு கிராம்

தினமும் பின்வாசல் வழியாய்ப் போகிறவள் நான்.
சூடை இரண்டு கிலோ, காரல் ஒரு கிலோ.
ஐஸ் உருகி இடுப்பில் வழியும்.
கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கி
கழுவிய கூடையோடு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பேன்.

இன்று ஞாயிறு.
பூசைக்குக் கட்டிய சேலையோடு
முன்வாசல் வரிசையில் நிற்கிறேன். ஐம்பது ரூபாய்.
"அமலோற்பவக்கா, நீங்களுமா?"
என்கிறாள் டிக்கெட் கிழிக்கும் பிள்ளை.
நானும்தான்.

வேதாளைக் கடற்கரையில்
உடைமரம் வெட்டிச் சமன்செய்த திடல்.
காற்றில் படபடக்கும் சாமியானா.
ஒரு பள்ளிக்கூட வேன்,
ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடித் திரும்பும்
ஈரத்தலைக் குடும்பங்கள்.
கலந்தர் கையுறை மாட்டுகிறான்.
மைக்கில் கேட்கும் அவன் குரல்
இஸ்திரி போட்டதுபோல் இருக்கிறது.

முதலில் வல்லூறு. போனது, வந்தது, கைதட்டல்.
அடுத்து, ஒற்றைக்கண் ஆந்தை
மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
நடந்தே போனது. அதற்கும் கைதட்டல்.

பிறகு ஏழாம் நம்பர்.
செம்பருந்து.
தங்கூசி வலை அறுத்து
இறக்கையில் எலும்பு தெரிய வந்தது போன மாசியில்.
எங்கள் ஊர் வலைதான்.
யாருடையது என்று கேட்காதீர்கள்.

காலையில் அதைத் தராசில் நிறுத்துவார்கள்.
ஐந்நூற்றிருபது கிராம் என்றால் பறக்கும்,
கூப்பிட்டால் கைக்குத் திரும்பும்.
அதற்கு மேல் போனால் நிச்சயமில்லை.
பசிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள்,
தேதி போட்டு, கோடு போட்டு.
இத்தனை வருசம் மீன் நிறுத்த எனக்கு
அந்தச் சுத்தம் வராது.

நேற்று கலந்தர் போன் பேசப் போனான்.
கூடையில் ஒரு சூடை மிஞ்சிக் கிடந்தது.
கம்பிக்குள் நீட்டினேன்.
இரக்கம் என்று சொல்லமாட்டேன்.
அது பார்த்தது, நான் கொடுத்தேன்.

"இன்னைக்குப் பதினெட்டு கிராம் கூடக்கா" என்றாள் பிள்ளை,
"கூட்டம் வந்துட்டு, விடாம முடியுமா?"

விட்டார்கள்.
ஒருமுறை திடலைச் சுற்றியது. தைத்த இறக்கை
கொஞ்சம் தாழ்ந்தே போனது.
பனையுச்சியில் இறங்கி
எங்களுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்தது.

விசில்.
மீன்துண்டை உயர்த்தி மறுபடி விசில்.
"இவர் கொஞ்சம் யோசிக்கிறார்" என்றது மைக்.
போன் பிடித்த கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின.
"பருந்துக்குக் காது கேக்காதாப்பா?"
ஒரு குழந்தை கேட்டதில் பாதிக் கூட்டம் சிரித்தது.
எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

அப்போது படகுகள் பக்கமிருந்து
நம்பர் இல்லாத ஒன்று,
தராசில் நிற்காத ஒன்று,
கச்சானைக் கிழித்துக்கொண்டு வந்தது.
கலந்தரின் கையுறையில் ஒரு தட்டு.
மீனைக் காணோம்.
நிமிர்வதற்குள் அதுவும் தோணிகளுக்கு மேலே போய்விட்டது.

என்ன கைதட்டல்!
பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள்.
கலந்தர் வெறும் கையுறையை
ஒரு மூச்சு நேரம் பார்த்தான்.
பிறகு குனிந்து வணங்கினான்.
"நன்றி. நிகழ்ச்சி இத்துடன்..."

வேன் கிளம்பிற்று. ஈரத்தலைகள் உலர்ந்து போயின.
சாமியானாவை அவிழ்க்கிறார்கள்.
பனைக்கடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான் கலந்தர்,
மைக் இல்லாத சொந்தக் குரலோடு.
"யாரோ தீனி குடுத்துருக்காக."

முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டேன்.
இரண்டு தரம் சோப்புப் போட்டும்
சூடை வாடை போகாத கை.

பாம்பன் பக்கம் ரயில் கூவுகிறது.
இரண்டாவது பஸ்ஸும் போய்விட்டது.
எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டேன்:
"நாளைக்குச் சூடை எவ்வளவு கொண்டாரட்டும்?"

பனையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்:
"அதுகிட்டயே கேளுங்க."