சட்டப்படி

செவ்வாய்க்கிழமை, அறை எண் முப்பத்தொன்று.
ஹீட்டருக்கு இன்னும் உயிர் வரவில்லை.
முதலாண்டு மாணவர்கள் நாற்பத்திரண்டு பேர்
மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.
இவர்களில் ஒருவர்கூட வக்கீலாகப் போவதில்லை.
மண்ணியல், மருந்தியல், கொஞ்சம் பேர் கணக்கு.
'சட்டமும் சமூகமும்' கட்டாயப் பாடம் என்பதால் வந்தவர்கள்.
கட்டாயம் என்று யார் சொன்னது என்று
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

காலையில் கண் விழித்ததிலிருந்து
எந்தச் சட்டத்தின் மேல் உங்கள் கை பட்டது
என்று கேட்கிறேன்.
சீட் பெல்ட் என்கிறான் ஒருவன்.
பால் பாக்கெட்டில் தேதி என்கிறாள் எலிசோ.
அரசியலமைப்பு என்கிறது முன்வரிசை.
அது எப்போதும் முன்வரிசையில்தான் இருக்கிறது.

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த கோச்சா
என் மேசைமேல் ஒரு நாணயத்தை வைக்கிறான்.
இருபது தெத்ரி.
விளிம்பில் ஓட்டை,
ஓட்டையில் ஒரு முழம் தூண்டில் நரம்பு.

குதாய்சியின் பழைய ஒன்பது மாடிக் கட்டடங்களில்
லிஃப்டுக்குள் ஓர் உண்டியல் இருக்கும், சாமிதான் இருக்காது.
காசு விழுந்தால்தான் கதவு மூடும்.
ஏறக் காசு. இறங்குவது இலவசம்.
கோச்சா காசை இறக்குவான், கதவு மூடும்,
காசை மேலே இழுத்துக்கொள்வான்.
இரண்டு வருஷம், ஏழாம் மாடி, ஒரே காசு.

சிரிப்பில் அறை கொஞ்சம் சூடாகிறது.

இது திருட்டா?
எழுதின சட்டம் எங்கே என்கிறான் வாஜா,
நோட்டீஸ் ஒட்டியது மூன்றாம் மாடி எலக்ட்ரீஷியன்,
கையெழுத்துக்கூடப் போடவில்லை.
எல்லோரும் போடுகிறார்களே காசு,
அதுதானே வழக்கு என்கிறாள் எலிசோ.
வழக்கென்றால் யாராவது போடட்டும் வழக்கு
என்கிறான் கோச்சா.
செல்லாக் காசு என்று யாரோ முணுமுணுக்க,
இல்லை, நன்றாகச் செல்கிறது என்கிறேன்,
போய்ச் சேர்வதுதான் இல்லை.
என் சாமர்த்தியத்தை நானே கொஞ்சம் ரசித்துக்கொண்டிருந்தபோது

செப்டம்பரிலிருந்து வாய் திறக்காத நெஸ்தான் சொல்கிறாள்:
அதே கட்டடம்தான் நாங்களும். பக்கத்து வாசல்.
என் அம்மா வீடுகளுக்குத் தண்ணீர் கேன் சுமப்பவள்.
நாளைக்குப் பதினாறு தடவை ஏற்றம்,
கூலியில் பதினாறு காசு பெட்டிக்கு.
ஒன்பதாம் மாடி லாமாராவுக்குச் சக்கர நாற்காலி,
மருந்து வாங்கப் போனாலும் காசு, மறந்து திரும்பினாலும் காசு.
படி ஏறமுடிந்தவர் எழுதிய நோட்டீஸ் அது.
இது சட்டப்படி சரியா?

எந்தப் படி என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷமாக இந்த இடத்தில்
ஒரு படம் காட்டுவேன்.
மேலே அரசு, கீழே மக்கள், நடுவில் அம்புக்குறிகள்.
அம்புகள் இரண்டு பக்கமும் போய்வரும்,
காசு போடாமல்.
இன்று அதைத் திறக்கவில்லை.
கோச்சா நரம்பை விரலில் சுற்றிச் சுற்றி
நுனி வெளுக்கும்வரை இறுக்குகிறான்.
மணி அடிக்கிறது.
இது பரீட்சைக்கு வருமா என்கிறான் வாஜா.

மாலை என் கட்டடத்தில் காசு போட்டேன்.
அது மற்றக் காசுகளின் மேல் விழும் சத்தத்தை
முதல் தடவையாகக் கேட்டேன்.
நான்காம் மாடிதான். நடந்தே போயிருக்கலாம்.

அடுத்த செவ்வாய் நெஸ்தான் ஒரு தாள் கொண்டுவருகிறாள்.
குடியிருப்போர் கூட்டத்துக்கு விண்ணப்பம்,
சுமை தூக்குவோருக்கும் நடக்க இயலாதோருக்கும் பெட்டி வேண்டாம் என்று.
பதினொரு கையெழுத்து.
மூன்றாம் மாடிக்கு நேரே வெற்றிடம்.
கோச்சாவின் பெயரைத் தேடினேன், இல்லை.
பக்கத்து வாசல், சேராது என்று
நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிழை இருந்தால் திருத்துங்கள் என்கிறாள்.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
'கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்' என்றிருந்தது.
கெஞ்சி என்பதை அடித்தேன்.
சற்று யோசித்து, கொள்கிறோமையும் அடித்தேன்.
கேட்கிறோம்.

மற்றபடி கடிதத்தில் பிழை இல்லை.