சில்லறை

இரவே நறுக்கி வைத்துவிடுவேன்.
செம்மறிப்பால் சீஸ், பட்டாணி அளவு,
அதற்கு மேல் ஒரு மயிரிழை கூடாது.
பெரிதாக வெட்டினால் மென்றுகொண்டே நிற்பாள்,
மென்று முடிப்பதற்குள்
எதற்குக் கிடைத்தது என்பது மறந்துபோகும்.

பெயர் புரூமா.
சேற்று நிறத்தில் சுருட்டை முடி.
மிர்னா ஆற்றங்கரை ஓக் காட்டில்
மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும் ட்ரஃபிள் காளானை
மூக்கால் தொட்டு எண்ணக்கூடியவள்.
நான் புசெத் ஊரில் மளிகை அங்காடியின் கல்லாவில் இருப்பவள்.
நாள் முழுக்க மீதி எண்ணிக் கொடுத்து
விரல்நுனி கறுத்தவள்.

ஆரம்பத்தில் தப்பு என்னுடையது.
சொல் வருவதற்கு முன்பே கை பைக்குப் போய்விடும்.
ஒரே மாதத்தில் அவள் மண்ணை விட்டுவிட்டு
என் வலது முழங்கையைப் படிக்கத் தொடங்கினாள்.
முழங்கை மடங்கினால் உட்கார்ந்தாள்.
மூக்குச் சிந்தக் கைக்குட்டை எடுத்தாலும் உட்கார்ந்தாள்.
கண்டெடுத்தது ஒன்றுமில்லை,
உட்கார்ந்தது மட்டும் நாற்பது தடவை.

பையை முதுகுப் பக்கம் மாற்றினேன்.
கைதி போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.
முதலில் "பிராவா" என்ற சொல்.
பிறகு ஒரு மூச்சு.
அதன்பிறகே கை.

இதனால் வீட்டிலும் ஊரிலும் சில விளைவுகள்.
சலவை இயந்திரத்தில் சீஸ் கஞ்சி.
பேருந்தில் என் காலடியில் வந்து படுக்கும் அந்நிய நாய்கள்.
ஞாயிற்றுப் பூசையில் காணிக்கைத் தட்டில்
இரண்டு யூரோ நாணயத்தோடு ஒரு துண்டும் விழுந்தது.
தட்டேந்திய ஸ்ரெச்கோ ஒன்றும் சொல்லவில்லை.
தூணைத் தாண்டியதும் அவர் அதை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

போன அக்டோபரில் ஒரு நாள்
வேலைக்குப் போட்டிருந்த கோட்டோடு
அப்படியே காட்டுக்குப் போய்விட்டேன்.
மழை விட்டு ஒரு மணி நேரம்.
புரூமா குரைக்கவில்லை.
இரண்டு கீறல், பிறகு உட்கார்ந்தாள்.
மண்டியிட்டுத் தோண்டினேன்.
என் கைமுட்டி அளவு,
ஒரு மாதச் சம்பளம்
ஈர மண் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

பிராவா என்றேன்.
மூச்சு விட்டேன்.
கை போனது.

சாவி. ரசீது. உதட்டுக்குப் பூசும் மெழுகு.
இடது பையில் ஐந்து சென்ட் நாணயங்கள் ஏழு.
தையல் மடிப்பைப் பிதுக்கிப் பார்த்தேன்,
ஒரு துகள் இல்லை.

கல்லாவில் தினமும் பத்துத் தடவை சொல்வதுதான்:
சில்லறை இல்லையே, மன்னியுங்கள்.
அங்கே பரவாயில்லை என்று போய்விடுவார்கள்.
இங்கே வரிசையில் ஒரே ஆள்.
மீசையில் நீர் சொட்ட
என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறாள்.

வேறு வழி தோன்றவில்லை.
காளானின் ஓரத்தில் நகம் அளவு கிள்ளி நீட்டினேன்.
ஆறேழு யூரோ பெறும்.
முகர்ந்தாள்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
நான் கொடுத்ததையே எனக்குத் தருகிறாயா என்பது போல.

அதை நானே தின்றேன்.
பதினொரு வருடத்தில் முதல் தடவை,
விற்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.
பூண்டு, மழை மண்,
அடுத்த அறையில் யாரோ
அடுப்பை மூட மறந்தது போல் ஒரு வாடை.
இதற்கா, என்று நினைத்தேன்.

கார் வரை இரண்டு கிலோமீட்டர்.
அவள் முன்னால் ஓடவில்லை.
காலோடு ஒட்டி
பை உயரத்தில் தலையை வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் முழுக் கட்டியையும்
தாளைப் பிரித்துத் தரையில் வைத்தேன்.
தின்றாள். வாலாட்டினாள்.
காடு வேறு, சமையலறை வேறு,
அவள் இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை.
எனக்குத்தான் கணக்கு நேராகாமல்
பாதி இரவு விளக்கு எரிந்தது.

மறுநாள் ஒரு லாரி ஓட்டுநர்
இரண்டு சென்ட் மீதி வேண்டாமென்று நடந்தார்.
கதவு வரை ஓடிப்போய்
உள்ளங்கையில் வைத்து
அவர் விரல்களை நானே மடக்கிவிட்டேன்.