தண்ணீரை மிதிப்போம்

கூட்டுறவுச் சங்க ஆண்டுக் கூட்டத்தில்
அதிர்ஷ்டக் குலுக்கு.
முதல் பரிசு மோட்டார் சைக்கிள், அது கிராணிக்குப் போனது.
மூன்றாவது எனக்கு:
சதுப்புநிலத்தோரப் பசுமை வில்லாவில்
இருவருக்கு ஓர் இரவு.

வீட்டிலிருந்து பதினோரு நிமிடம்.
ஜெராம் சடக்கில் ஆலையைத் தாண்டி
செம்பனை முடிகிற இடத்தில் இடப்பக்கம்.
ஆனாலும் கனகேஸ்வரி
பெரிய பெட்டியைத்தான் எடுத்தாள்,
தாய்லாந்துக்கென்று வாங்கி
பீரோ மேலேயே பயணம் செய்துகொண்டிருந்த பெட்டி.

செராய்த் தண்ணீர் கொடுத்து வரவேற்றான்
இட்ஸ்வான் என்கிற பையன்.
கூரையில் வெயில் மின்சாரமாகிறது,
தொட்டியில் மழை குளியலாகிறது,
சுவரெல்லாம் உடைந்த படகுகளின் பலகை,
ஏர்கோன் இல்லை, காற்று வரும் திசை பார்த்து
ஜன்னல் வைத்திருக்கிறோம் என்றான்.
நீங்கள் எந்த ஊர்?
கையைப் பின்பக்கம் காட்டினேன்.
புகைபோக்கி தெரிந்தது.

பத்தொன்பது வருடமாய் அந்தப் பாய்லருக்கு நான் காவல்.
பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் தின்றே
ஆவி விடுகிறது.
ஒரு கைப்பிடி வீணில்லை.
அதையும் பசுமை என்று
தலைக்கவசம் போட்ட ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.
அன்று நான் என் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

குளியலறைச் சுவரில் சின்ன விளக்கு.
ஐந்து நிமிடம் பச்சை,
பிறகு மஞ்சள், அப்புறம் சிவப்பு.
அதன் கீழே நான்கு மொழியில் ஒரு பலகை.
தமிழில் மட்டும் ஒரு கொம்பு கூடிப்போய்
‘தண்ணீரை மிதிப்போம்.’

சிரித்தாள்.
போன வருடம் குழாய் நின்ற ஒன்பது நாளும்
லோரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவள்.
அரிசி கழுவியதில் கீரை,
துணி அலசியதில் கக்கூசு என்று
ஒரு வாளிக்கு மூன்று பிறவி கொடுத்தவள்.
கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரப்பாலத்தில் உட்கார்ந்தேன்.
ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
கண்ணைத் தலைமேல் வைத்த சேற்றுமீன்கள்
கண்டல் வேரிலிருந்து வேருக்குத் தாவின.
வழுக்கைத்தலைப் பெருநாரை ஒன்று
பென்ஷன் கணக்கில் சந்தேகம் உள்ளவர்போல
குறுக்கும் நெடுக்கும் நடந்தது.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
பச்சை முடிந்திருக்கும்.
மஞ்சளும்.
தட்டலாம் என்று எழுந்து கதவருகில் போனேன்.
அவள் தேய்க்கவில்லை, அலசவில்லை.
சத்தத்திலேயே தெரிந்தது:
ஒரே இடத்தில், தோள்மேல்,
அசையாமல் விழுகிற தண்ணீர்.
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு நிமிடம்.
பாலத்தின் கால்கள் அதற்குள் மறைந்திருந்தன.

விரல்நுனி சுருங்கி வெளியே வந்தவள்
மெதுவாகக் கேட்டாள்,
“தண்டம் கட்டணுமா?”

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது.
வெந்த பழம், புளித்த எண்ணெய், ஈரச் சாம்பல்.
பக்கத்து வில்லாவின் கோலாலம்பூர்க்காரர்கள்
படபடவென்று ஜன்னல்களை அடைத்தார்கள்.
“உங்க ஆளு தேடிக்கிட்டு வந்துட்டாரு”
என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.
மோந்து பார்த்தேன்.
ஈர நாரைப் போடுறான் புதுப்பையன்,
அழுத்தம் இறங்கியிருக்கும்.
“படுங்க. இன்னிக்கு அது உங்க பாய்லர் இல்ல.”
படுத்தேன்.
காது மட்டும் எழுந்தே இருந்தது.

காலையில் பசியாற
அவித்த மரவள்ளியும் தேங்காய்ப்பூவும்.
இட்ஸ்வான் ஒரு படிவம் நீட்டினான்:
தங்கல் எப்படி? குறை உண்டா?
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
அவள் பேனாவை வாங்கி, யோசித்து,
தமிழிலேயே எழுதினாள்:
பலகையில் போட்டிருந்தபடியே செய்தேன்.

பெட்டியைத் திறக்கவே இல்லை.
அதே கனத்தோடு காடியில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
குழாயைத் திறந்து பார்த்தாள்.
வந்தது.
இரண்டு வாளி பிடித்து வைத்தாள்.