உறுதியில் உள்ள பெயர்

முட்கம்பிக்கு இந்தப் பக்கம்
பதினொரு தகரக் கொட்டில்.
பன்னிரண்டாவதில் யாகப்பர்.
எங்களுக்கு ஒழுகும் மழை
அவருக்கும் ஒழுகும்.

கோயில் அந்தப் பக்கம்.
கூரை போய்விட்டது, மணிக்கூண்டு நிற்கிறது.
அதில் எந்நேரமும் ஒருவன் நின்று
கடலைப் பார்க்கிறான்;
சிலவேளை
எங்கள் உடுப்புக் காய்வதையும்.

பிரதேச செயலகத்தில் படிவம் தந்தார்கள்.
நான்தான் நிரப்பினேன், கையெழுத்து வடிவென்று.
காணியின் பெயர்: சிப்பித்தரை.
விஸ்தீரணம்: பதினேழு பரப்பு, ஆறு குழி.
உறுதிப்படி உரிமையாளர்: புனித யாகப்பர்.
அடையாள அட்டை இலக்கம் என்ற கட்டத்தில்
பேனை நின்றுவிட்டது.

கிளாக்கர் இளம்பெடியன், கெட்டவனில்லை.
‘உரிமையாளர் நேரில வரவேணும் அக்கா,
சட்டம் அப்பிடி.’
பகிடியா களைப்பா, முகத்தில் தெரியவில்லை.

மூப்பர் சவிரிமுத்து சிரிக்கவில்லை.
வியாழன் விடியப்புறம்
குருசாந்தின் லாண்ட்மாஸ்டரில் வைக்கோல் பரப்பி
குதிரையோடு அவரை ஏற்றி
ஆடாமல் நைலோன் கயிற்றால் கட்டி
வெளிக்கிட்டோம்.

சந்தியில் மறித்தார்கள்.
‘எத்தனை பேர் போறது?’
ஒன்பது என்றேன்.
எண்ணினான். எட்டு.
பிறகு வாளைத் தொட்டுப் பார்த்தான்.
மரவாள். நுனி தொண்ணூறாம் ஆண்டு உடைந்தது,
இருட்டில் ஓடும்போது
வள்ளத்து அணியத்தில் இடித்து.
அவன் தொப்பியைக் கழற்றியதைக் கண்டேன்.
உடனே போட்டுக்கொண்டதையும்.

செயலகத்தில் வரிசை.
எங்கள் துண்டில் நாற்பத்து மூன்று.
மின்விசிறிக்குக் கீழே
குதிரை ஒரு காலைத் தூக்கியபடி காத்திருந்தது.
வேறொரு வேலிக்குள் அகப்பட்ட
தங்கள் பிள்ளையாருக்காக வந்திருந்த ஒருவர்,
நெற்றி நிறையத் திருநீறு,
எழுந்து இடம் விட்டார்.
‘இவரையாவது தூக்கலாம்,’ என்றார்.
‘எங்கடையாள் கருங்கல்.’

சாப்பாட்டுக்கு மூடித் திறந்தபின்
பெடியன் படிவத்தை வாங்கினான்.
யாகப்பரை நெடுநேரம் பார்த்தான்.
வெறுங் கட்டத்தில்
43 என்று எழுதினான்.

‘நிரந்தர முகவரி?’

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்.
ஒருவர் ஒழுங்கையைச் சொன்னார், ஒருவர் பூவரசை,
பிலோமினா கிணற்றைச் சொன்னாள்.
அவன் எல்லாவற்றையும் எழுதினான்,
கட்டம் முடிந்து ஓரத்திலும்.

முடிவு தபாலில் வரும் என்றான்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.
உரப்பையைப் பிரித்து
குதிரையின் முகத்தை மூடினோம்.
யாகப்பர் நனைந்தபடி வந்தார்.