இரண்டரை மாத்திரை

கொக்குவில் சந்தியில் இறங்கி
மருந்துக்கடையின் டெற்றோல் மணம் முடியுமிடத்தில்
இடப்பக்கம் திரும்பினால் பதினான்கு படி.
ஏழாவது மட்டும் ஒரு விரல் உயரம் கூட.
கட்டினவர் கணக்கில் பிழை விட்டிருக்கிறார்.
நேர்முகத்துக்கு வந்த அன்று
என் கால்விரல் அதைக் கண்டுபிடித்தது.
இன்று முதல் நாள்.
கால் முந்திக்கொண்டது.

"இது உங்கட கதிரை" என்றான் சுகிர்தன்.
கைப்பிடியில் இன்னும் பொலித்தீன் உறை.
கழற்ற வந்தவனை வேண்டாம் என்றேன்.
அது சரசரக்கும் வரைக்கும்
கதிரை எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியும்.

தேத்தண்ணி வந்தது.
தந்தவள் குரலைத் தணித்து,
"அக்கா, சண்டையிலயோ?"
"இல்லை. பிறவியில."
"ஆ" என்றாள்.
அந்த ஆவில் கொஞ்சம் ஏமாற்றம்.
இங்கே காயமென்றால் அதற்கொரு திகதி வேண்டும்.
என்னிடம் திகதி இல்லை.
சீனி காணும் என்றேன்.

வேலை இதுதான்:
திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற குரலை
நாள் முழுக்கக் கேட்க வேண்டும்.
அது தடக்குப்படும் இடங்களை எழுதிக் கொடுக்க வேண்டும்.
இருபத்தொரு வருடம் சும்மா செய்ததற்கு
இனி மாதம் முடியச் சம்பளம்.

முதலில் ஒரு வங்கிச் செயலி.
"பொத்தான்" என்றது குரல்.
"பொத்தான்."
"பெயரில்லாத பொத்தான்."
ஒன்று காசை அனுப்பும். ஒன்று எல்லாவற்றையும் அழிக்கும்.
மற்றது வடிவுக்கு.

போன கிழமை இதே வங்கியில்தான்
சம்பளக் கணக்குத் திறக்கப் போனேன்.
என் பக்கம் எதையோ நகர்த்தினார்கள்.
மூடி திறந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது,
மைப்பெட்டி.
பேனை கேட்டேன்.
பின்னால் வரிசை இருமியது.
கையெழுத்து வைத்தேன்.
"அட, வடிவா இருக்கே" என்றார் முகாமையாளர்.
வடிவோ கோணலோ, என் பெயர்.
பொத்தான்களுக்கும் ஒவ்வொன்று இருக்கட்டும் என்று
முதல் முறைப்பாட்டை எழுதினேன்.

பின்னேரம் குறுஞ்செய்திச் சோதனை.
நாளைக்கு வாறியோ, என்று ஒருவர் கேட்க
மற்றவர் ஓம் என்கிறார். அவ்வளவுதான்.
குரல் வாசித்தது:
"நாளைக்கு வாறியோ?
ஓஓஓஓம்."
மூலஸ்தானத்துக்குள் நின்று சொன்னது போல.
மணி அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகிர்தன் சிரித்தான்.
"இது பிழையோ அக்கா? அதுக்கு அந்த ஓம்தான் தெரியும்."
பிழைதான்.
நோகுதோ என்று டொக்டர் கேட்டாலும் ஓம்,
கடன் தருவியோ என்றால் மனமில்லாமல் ஓம்,
கதவுக்கு வெளியே ஆளோ என்றால் மூச்சடக்கி ஓம்.
இத்தனையையும் தேவாரம் ஆக்கினால்
யார் அதோடு கதைப்பது?

மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது,
அல்லது கை நொடிக்கும் பொழுது
என்று ஏழாம் ஆண்டில் படிப்பித்தார்கள்.
வகுப்பு முழுக்க இமைத்துப் பார்த்ததாம்.
நான் நொடித்தேன்.

"ஓ இரண்டு, ம் அரை.
இரண்டரை மாத்திரை.
அதற்கு மேலே பக்தி."

அவன் அலையை வெட்ட வெட்ட
நான் நொடித்துக்கொண்டிருந்தேன்.
கூட. இன்னும் கூட. இப்ப குறைஞ்சுபோச்சு.
பெருவிரல் காய்ந்துவிட்டது.
அறையில் ஒவ்வொருவராக ஓம் சொல்லிப் பார்த்தார்கள்.
தேத்தண்ணி தந்த டிலோஜாவின் ஓமையும் பதிந்தோம்.
ஒன்றரைகூட வரவில்லை.
வீட்டில் அவளை யாரோ அவசரப்படுத்துகிறார்கள் போல.

ஐந்து மணிக்கும் சரிவரவில்லை.
முறைப்பாடு இரண்டு, திறந்தபடி.

பஸ்ஸில் நெரிசல். கொண்டக்டர் தோளில் தட்டி,
"தட்டாதெருவோ?"
"ஓம்."
சொல்லும்போதே தொடைப்பக்கம் நொடித்துப் பார்த்தேன்.
இரண்டு சரி.
அந்த அரை
பிறேக் சத்தத்துக்குள் போய்விட்டது.