ஆறாம் எண் சட்டை

எவால்ட் கோசியோல் ஓய்வு பெற்று
இது பத்தொன்பதாவது குளிர்காலம்.
சுரங்கத்தை மூடியாயிற்று. டிராம் தடம் பாதியில் நிற்கிறது.
சீலேசியாவில், ஹெர்பெர்ட்டின் பீர்க் கடையில் மட்டும்
அவர் இன்னும் வேலையில் இருக்கிறார்.
திங்கட்கிழமைதோறும் நியமிக்கப்பட்டு
இரவு பத்துக்குள் நீக்கப்படுகிறார்.

"ஒரு கோப்பை" என்கிறான் அகிம், மேசையைக் குத்தி.
"இந்தக் கரிபிடித்த ஊருக்கு வேறு எவன் கொண்டுவந்தான்?"
"இரண்டு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோமே
அதுவும் அவர் கொண்டுவந்ததுதான்" என்கிறான் ரெய்னர்
பல்லிடுக்கில் மீன் முள்ளைத் தேடிக்கொண்டே.
போலிகார்ப், பழைய டிராம் ஓட்டுநர்,
உப்புப் புட்டி கடுகுப் புட்டி சாம்பல் கிண்ணம் என்று நகர்த்தி
தடுப்பு வரிசையைக் கட்டுகிறார்.
"நாலு பேர், பார், ஒரே கோட்டில்.
அன்றைக்கு இதை யார் யோசித்தது?"
கடுகு கவிழ்கிறது.
கோல், என்கிறான் ரெய்னர்.

பிறகு வரும், வராமல் இராது, அந்தக் கேள்வி:
இரண்டாவது இறுதி ஆட்டத்தில்
நம் லோத்தாரை, ஆறாம் எண்ணை,
ஏன் பெஞ்சில் உட்காரவைத்தார்?
பொறாமை.
வார்சாவிலிருந்து வந்த தொலைபேசி.
அண்ணன் மேற்கு ஜெர்மனிக்கு ஓடிப்போனது.
முழங்கால்.
ஒரு பெண். (எந்தக் கதையிலும் ஒருத்தி வந்துவிடுவாள்.)

நான் ஜன்னலோரம் இருக்கிறேன்.
இருபத்திரண்டு வருடம் இந்தக் கிளப்புக்குத் துணி துவைத்தவள்.
வியர்வையை வைத்தே ஆளைச் சொல்வேன்.
யாரும் கேட்டதில்லை.

ஆட்டம் முடிந்த இரவுகளில் கோசியோல் வருவார்,
தொப்பியைக் கழற்றாமல்.
சாக்ஸை ஜோடி ஜோடியாக எண்ணுவார்,
முதலாளி போல அல்ல,
கடன்பட்டவர் போல.
அரையிறுதி இரவும் வந்தார்.
குவியலைக் கிளறி ஆறாம் எண்ணை எடுத்து
விளக்கடியில் விரித்தார்.
நெஞ்சில் சேறில்லை. முழங்கையில் புல்லில்லை.
"இவன் விழவே இல்லை" என்றார்.
நான் தலையசைத்தேன்.
சுத்தமான சட்டை என்றால் எனக்கு நல்ல செய்தி,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கிழிந்தது என் தையல் கூடையில் கிடந்தது.
எண்பதாவது நிமிடம் மாற்றியிருந்தான்.
அன்று பனிமூட்டம், எதிர்க் கம்பமே தெரியவில்லை,
அவர் பந்தைப் பார்ப்பவர், சட்டையைப் பார்ப்பவரல்ல.
கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிசல்.
ஈரச் சாக்கு மாதிரி கனத்தது.

ஞாயிறன்று வானொலி பெயர்களை வாசித்தபோதுதான்
என் கை நின்றது, சோப்புக்குள்.
அது ஒன்றே காரணமா, அறியேன்.
இரண்டு நாள் இருந்தது சொல்ல.
சொல்லவில்லை.

அடுத்த வருடம் லோத்தார் எஸ்ஸனுக்குப் போய்விட்டான்.
லாரி டயர் விற்கிறானாம்.
நான் தைத்துக் கொடுத்த சட்டையை
வேறொரு பையன் போட்டுக்கொண்டு மூன்று பருவம் ஓடினான்.
தையல் பிரியவே இல்லை.

ஹெர்பெர்ட் பலகையில் சுண்ணக்கட்டியால் வாக்கு எண்ணுகிறார்.
மேதை: நாலு. பாவி: நாலு.
"நீ சொல், ஹில்டகார்டா"
முதல்முறையாக எல்லா முகமும் ஜன்னல் பக்கம்.
தொண்டைவரை வந்தது.

"சாக்ஸை எண்ணுவார்" என்றேன்.

சிரித்தார்கள்.
ஹெர்பெர்ட் மட்டும் சிரிக்கவில்லை,
எந்தப் பக்கம் போடுவதென்று
சுண்ணக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.