பலகை நடுகிறவன்

மார்ச் மாதத்து மண் இங்கே கல்.
முதலில் கடப்பாரை, அப்புறம் சம்மட்டி,
அதற்கப்புறம்தான் மரக்கால் இறங்கும்.
மங்க்டன் நகரத்துப் புல்வெளிகளில்
'விற்பனைக்கு' என்ற சொல்லை
இரண்டடி ஆழத்தில் நடுகிறவன் நான்.
பலகைக்கு இருபத்திரண்டு டாலர்.
பெயர் ரேயால் கோத்ரோ,
யாரும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் ஒரு பலகை
ஒரு பருவம் முழுக்க நிற்கும்.
புல் அதன் முழங்கால்வரை ஏறும்.
விலையைக் குறைத்துக் குறைத்து
தாள்மேல் தாள் ஒட்டுவேன்.
ரயில் பாதையோரத்து வீடொன்று
பதினான்கு மாதம் விலைபோகவில்லை.
தெருப்பிள்ளைகள் பலகையை
கோல் கம்பமாக்கி ஹாக்கி ஆடினார்கள்.
யாரோ அதற்கு ஒரு தொப்பி போட்டிருந்தார்கள்.

இப்போது
கடப்பாரையைத் துடைத்து வண்டியில் போட்டு
காப்பிக் கடை வரிசையில் நிற்கும்போதே
போன் வந்துவிடுகிறது:
திரும்பிப் போ,
'விற்றாயிற்று' ஒட்டு.

யானை விலை குதிரை விலை என்பதெல்லாம்
பழங்கணக்கு.
போன வாரம்
நிலவறையில் தண்ணீர் ஊறும் இரண்டு அறை வீடு,
கொட்டகை ஒருபக்கமாய்ச் சாய்ந்தது,
கேட்டதற்கு மேல் தொண்ணூறாயிரம்.
பதினேழு பேர் போட்டி.
தோற்ற பதினாறில் ஒருத்தி கிஸ்லேன்,
மருத்துவமனையில் இரவு நர்ஸ்.
வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி
தன் நாயின் படத்தையும் வைத்திருந்தாள்.
படத்தைத் திருப்பி அனுப்பினார்களாம்,
நல்ல நாய் என்று எழுதி.

வாங்குகிறவர்கள் வருவதில்லை.
ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
டொரான்டோவில் கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.
தரகர் நதேஜ் போனை விளக்குபோல உயர்த்தி
அறை அறையாக நடக்கிறாள்,
அலமாரிகளைத் திறந்து
இருட்டைக் காட்டுகிறாள்.
ஒருநாள் போனுக்குள்ளிருந்து ஒரு குரல்,
"அந்த ஆளைச் சுவரைத் தட்டச் சொல்லுங்கள்."
தட்டினேன்.
"உறுதியான வீடு" என்றது குரல்.
நான் தட்டியது குளிர்சாதனப் பெட்டியை.

கட்டிப் பார்ப்பதும் இல்லை
எட்டிப் பார்ப்பதும் இல்லை,
வாங்கிவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஆறு பின்னோக்கி ஓடும்.
நாளுக்கு இருமுறை
கடல் தள்ள, சேற்று நிறத்தில்
ஒரே ஒரு வரி அலை
கரையிலிருந்து கரைவரை ஏறி வரும்.
வெளியூர்க்காரர்கள் கடிகாரம் பார்த்துக் காத்திருப்பார்கள்.
ஆறு ஏறினால்
ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும்.
ஆற்றைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இன்றைய தாளில் ஒன்பது முகவரிகள்.
ஏழாவது என்னுடையது.
பதினோரு வருட வாடகை.
வீட்டுக்காரர் மெலான்சன் நல்ல மனிதர்,
நேரில் சொல்ல வெட்கப்பட்டிருப்பார்.
தாளுக்கு என்ன வெட்கம்.

முதல் ஆறையும் ஒழுங்காக நட்டேன்.
ஏழாவதில் வண்டியை நிறுத்தியபோது
எலோடி பள்ளியிலிருந்து வந்திருந்தாள்.
"இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டியா?"
"வேலையா வந்தேன்."

எந்தப் புல்வெளியிலும்
குழாய் எங்கே, கம்பி எங்கே என்று
வரைபடம் பார்த்துத்தான் தோண்டுவேன்.
இங்கே வேண்டியிருக்கவில்லை.
இது தண்ணீர்க் குழாய்.
இது மேப்பிள் வேர்.
இது, போன கோடையில் அவள்
ஷூ பெட்டியில் வைத்துப் புதைத்த ஹாம்ஸ்டர்.
மூன்றையும் விட்டு
நடைபாதைப் பக்கமாய்க் கடப்பாரையை ஓங்கினேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டு
மரக்காலைப் பிடித்தாள்.
"கொஞ்சம் இடப்பக்கம், அப்பா."
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
நான் நட்ட பலகை சாய்ந்ததாக
இந்த ஊரில் பேச்சில்லை.

இன்னும் இரண்டு முகவரிகள் பாக்கி.
போன் சட்டைப்பையில்.
இன்று காப்பிக் கடைப் பக்கமே
போகவில்லை நான்.